சுரங்க மீத்தேனில் மின்சாரம்: பாதி வேலை துளையில்தான்

நிலத்தடி நிலக்கரிச் சுரங்கத்தில் வீணாகும் மீத்தேனிலிருந்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தில் தொடக்கம் முதலே வேலை பார்த்தேன். இதில் இறங்கப் போகிறவர்கள் என்னிடம் கேட்பதெல்லாம் எந்த கேஸ் என்ஜின் வாங்கலாம் என்றுதான். என்ஜின் கிடைத்துவிடும். வாயுவின் தரத்தைக் கேளுங்கள்.

சுரங்கத்தின் காற்றோட்ட விசிறி வெளியே தள்ளும் காற்றில் மீத்தேன் பெரும்பாலும் 1 சதவீதம்கூட இருக்காது, அதை வழக்கமான என்ஜினில் எரிக்க முடியாது. நாங்கள் நம்பியிருந்தது நிலக்கரி அடுக்கில் துளை போட்டு பம்பால் உறிஞ்சும் வாயுவை. வெட்டுவதற்கு முன்பே உறிஞ்சினால் செறிவாக வரும், ஆனால் நிலக்கரி எடுத்தபின் கூரை இடிந்து கிடக்கும் பகுதியிலிருந்து இழுத்தால் காற்றும் கலந்துதான் வரும், அதுவும் வெளியே காற்றழுத்தம் இறங்கும் நாளில் அங்கிருந்து வாயு கூடுதலாகக் கசியும், ஏறும் நாளில் குறையும்.

கணக்கு எளிது. 1 கன மீட்டர் சுத்தமான மீத்தேனில் ஏறக்குறைய 10 யூனிட் வெப்பம் இருக்கிறது, என்ஜின் அதில் 4 யூனிட் மின்சாரம் தரும். அப்படியென்றால் 1 மெகாவாட்டுக்கு, அதாவது மணிக்கு 1000 யூனிட்டுக்கு, மணிக்கு சுமார் 250 கன மீட்டர் மீத்தேன் வேண்டும். செறிவு 40 சதவீதம் என்றால் 625 கன மீட்டர் கலவையை இழுக்க வேண்டும். சரி, பம்பை வேகமாக ஓட்டினால் போதுமே என்று தோன்றும். உறிஞ்சலைக் கூட்டக் கூட்ட துளையின் வாயைச் சுற்றியுள்ள வெடிப்புகள் வழியாகக் காற்று நுழைந்து செறிவு விழுகிறது. காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் வெடிக்கும், அதனால் அந்த எல்லைக்கு வெகு தூரத்திலேயே, எங்கள் ஆலையில் 30 சதவீதத்திலேயே, வால்வு தானாக மூடிவிடும், என்ஜினும் நின்றுவிடும்.

எங்களைக் காப்பாற்றியது துளை வாய்களைச் சிமெண்ட் கலவையால் ஆழமாக அடைத்ததும், ஒவ்வொரு துளையிலும் ஓட்டம், உறிஞ்சல், செறிவு மூன்றையும் தனித்தனியாக அளந்ததும். காற்றை இழுக்கும் துளைகளின் வால்வைக் குறைத்தோம், செறிவு ஏறியது. ஆனால் அந்த வால்வில் கைவைக்கும் முடிவு காற்றோட்டப் பொறுப்பாளருடையது, கீழே வேலை செய்பவர்களின் உயிர் முதலில், மெகாவாட் அப்புறம். இதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஈரத்தையும் லேசாக எண்ணாதீர்கள். வாயு நீராவியோடு வரும், குழாயின் தாழ்வான இடங்களில் தண்ணீர் தேங்கி ஓட்டத்தை அடைக்கும். தண்ணீரைப் பிடித்து வெளியேற்றும் நீர்ப்பொறி, குளிர்விப்பான், தூசி வடிகட்டி மூன்றும் கட்டாயம்.

இதெல்லாம் நடக்குமா என்று நிர்வாகம் தயங்கியபோது ஆஸ்திரேலியாவின் ஆப்பின், டவர் சுரங்கங்கள் 1990களிலேயே இதைச் செய்ததையும், சீனாவின் சிஹெ சுரங்கத்தில் 120 மெகாவாட் நிலையம் இருப்பதையும் காட்டினோம்.

செலவைக் குறைக்க முதலில் வெட்டப் பார்த்தது ஃப்ளேரை, அதாவது என்ஜினுக்குப் போகாத வாயுவை எரித்துவிடும் அமைப்பை. நான் விடவில்லை. 100 ஆண்டுக் கணக்கில் கார்பன் டை ஆக்சைடைப் போல 25 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும் வாயு இது, என்ஜின் சர்வீஸில் நிற்கும் நேரத்தில் எரிக்காமல் வானத்தில் விட என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.