சட்டைப்பையில் ஊசி இருந்தால்

சிரிஞ்சு கையில் இருந்தாலே போலீஸ் சோதனையும் அடியும் என்றால், போதை ஊசி போடுபவர் யாரும் புது ஊசியைக் கூடவே வைத்திருக்க மாட்டார். போட்டவுடன் புதரில் வீசிவிட்டு, அடுத்த முறை பக்கத்தில் இருப்பவரின் ஊசியை வாங்கிப் போடுவார். எச்.ஐ.வி.யும், கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் சி-யும் பரவும் வழி அது. சுத்தமான ஊசி கொடுக்கும் களப்பணியின் பாதி வேலை ஸ்டேஷனில் இருப்பது இதனால்தான்.

நோய் பரவாமல் தடுக்க ஊசி கொடுப்பது குற்றமாகாது என்று 2017 எச்.ஐ.வி. சட்டத்தின் 22-ஆம் பிரிவு தெளிவாகச் சொல்கிறது. 1985 போதைப்பொருள் சட்டத்தின் 64ஏ பிரிவும் கைகொடுக்கும். போதைக்கு அடிமையானவர், பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ (ஹெராயின் 5 கிராம், கஞ்சா 1 கிலோ வரை) பிடிபட்டாலும், தானாக முன்வந்து அரசு அங்கீகரித்த மையத்தில் சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து விடுபடலாம். சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தச் சலுகை பறிபோகலாம். பிடிபட்டவருக்கு இதை எடுத்துச் சொல்ல ஸ்டேஷனில் பெரும்பாலும் ஆள் இருப்பதில்லை.

லாக்கப்பில் நடப்பதுதான் மிகவும் வேதனை. ஹெராயின் நின்று சுமார் 8 முதல் 12 மணி நேரத்தில் கொட்டாவி, மூக்கில் நீர், உடல்வலி, பிறகு வாந்தி, வயிற்றுப்போக்கு. இரண்டு மூன்று நாளில் உச்சத்துக்குப் போகும். இதை நடிப்பு என்று நினைக்கும் காவலர்கள் உண்டு. ஹெராயினுக்குப் பதிலாகச் சிகிச்சையில் தரும், நாக்கடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் மாத்திரையைத் தினமும் மையத்துக்கு வந்து வாங்குபவருக்கும், கைதானால் அது நின்று இதே பாடுதான். சில வாரம் சிறையில் இருந்து வெளியே வருபவருக்கு உடலின் தாங்குசக்தி குறைந்திருக்கும். பழைய அளவைப் போட்டால் மூச்சு நின்றுவிடலாம். வீட்டாரிடம் கட்டாயம் சொல்ல வேண்டியது இது.

களப்பணியாளர் போலீஸிடம் உரிமை பேசித் தொடங்குவதைவிட, அவர்கள் கையில் ஊசி குத்தும் ஆபத்திலிருந்து தொடங்குவது பலன் தரும். சட்டைப்பைக்குள் கைவிடும் முன் காவலர் “ஊசி இருக்கா?” என்று கேட்க வேண்டும். இருக்கிறது என்று சொன்னவரை அடித்தால் அடுத்தவர் மறைப்பார். அந்த ஊசி கான்ஸ்டபிள் விரலில் ஏறும். குத்திவிட்டால் பிதுக்கக் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, முடிந்தால் 2 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் விடாமல் சாப்பிட வேண்டும். தன் ஆட்களின் உயிரைப் பற்றி இவ்வளவு பேசியவரிடம்தான் இன்ஸ்பெக்டர் 64ஏ பற்றியும் காதுகொடுப்பார்.

அவர் மாற்றலாகிப் போனால் மறுபடி முதலிலிருந்துதான். அதனால் களப்பணியாளர்களின் பெயர், படம் அடங்கிய கடிதத்தை உதவி ஆணையர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு, நகலை ஸ்டேஷன் ரைட்டரிடமும் சேர்த்துவிட வேண்டும்.