ஜிப் மூடாத பைபிள்

பைபிள் ஓரத்தில் படம் வரைந்து அலங்கரிக்க, பக்கத்தில் ஜெல் பேனா டப்பாவையும் வைத்துக்கொண்டு உட்காரப் போகிறவர்களுக்கு ஒரே வார்த்தை: வேண்டாம். 2022ல் நான் அதைத்தான் செய்தேன். இன்ஸ்டாகிராமில் யாரோ ஒருவர் 23ஆம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் புல்வெளி, ஆட்டுக்குட்டி, ஓடை எல்லாம் வரைந்து அழகழகாக எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, அந்த வாரமே பாரிமுனைக்குப் போய் ஆண்டர்சன் தெருவில் ஸ்டிக்கர், வாஷி டேப், ஜெல் பேனா செட் என்று எழுநூறு ரூபாய்க்கு வாங்கி வந்து, ராத்திரி வியாசர்பாடி வீட்டில் எல்லாரும் தூங்கினபிறகு புல்வெளி போட ஆரம்பித்தேன். காலையில் பக்கத்தைத் திருப்பினால் பின்னால் இருந்த 22ஆம் சங்கீதத்தில், 'என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்ற வரிக்கு மேலேயே பச்சைக் கறை.

காரணம் ஒன்றும் பெரிய ரகசியம் இல்லை. ஆபீஸில் ஜெராக்ஸ் எடுக்கும் தாள் 70, 80 ஜிஎஸ்எம் இருக்கும், அதாவது ஒரு சதுர மீட்டர் தாள் அத்தனை கிராம் எடை. பைபிள் தாள் பெரும்பாலும் அதில் பாதிகூடத் தேறாது. அவ்வளவு மெல்லிசாக இல்லாவிட்டால் 66 புத்தகத்தையும் ஒரே கட்டுக்குள் அடக்கமுடியாது. இன்ஸ்டாகிராம்காரர்கள் வைத்திருப்பது இதற்கென்றே அச்சடிக்கும் ஆங்கில ஜர்னலிங் பைபிள், ஓரத்தில் இரண்டு அங்குலம் காலியாக விட்டிருப்பார்கள். நம்முடைய ஒத்துவாக்கிய பைபிளில் இரண்டு பத்தி, நடுவில் ஒத்துவாக்கியம், அதாவது இணையான வசனங்களின் குறிப்பு, ஓரத்தில் சுண்டுவிரல் அகலம். அதற்குள் 'பரிசுத்தமுள்ளவர்களாயிருங்கள்' என்று அலங்கார எழுத்தில் எழுதிப் பாருங்கள், 'பரிசு' வரைக்கும்தான் வரும்.

ஸ்டிக்கரும் அப்படித்தான், கடையில் கிடைப்பதெல்லாம் ஆங்கில வசனம். புத்தகம் புத்தகமாகத் திறக்க ஓரத்தில் ஒட்டும் காது கூட ஆங்கிலத்தில்தான் கிடைத்தது. சரி, நாமே செய்வோம் என்று கெட்டி அட்டையை வெட்டி, மேலே செல்லோ டேப் ஒட்டி, தமிழில் எழுத உட்கார்ந்தேன். ஆதி, யாத், லேவி, எண், உபா வரை ராஜபாட்டை. எஸ்றா, எஸ்தர் வந்ததும் 'எஸ்' மட்டும் போதவில்லை. எபேசியரும் எபிரெயரும் 'எபே', 'எபி' என்று ஒரு கொம்பு வித்தியாசத்தில் நிற்கிறார்கள். பிலிப்பியர், பிலேமோன் அதைவிட மோசம், பிரசங்கத்துக்கு நடுவில் அவசரமாகத் திறந்தால் கண்டிப்பாகத் தப்பான வீட்டுக்குத்தான் போவீர்கள். தெசலோனிக்கேயரைப் பற்றிப் பேசவே வேண்டாம். கடைசியில் பவுலின் நிருபங்களுக்கு, அதாவது கடிதங்களுக்கு மட்டும் காது நிறத்தை மாற்றினேன், பிலேமோனுக்குக் காதே வைக்கவில்லை. ஒரே அதிகாரம், தேடிக்கொள்ளலாம்.

இதையெல்லாம் பார்த்துவிட்டு அத்தை கேட்டது: "இன்னாடி இது, வேதத்துல போயி ஸ்டிக்கர் ஒட்டிக்கினு கீற?" அத்தை பைபிளைத் தரையில் வைக்கமாட்டார், அதன்மேல் ஒரு சீப்பைக்கூட வைக்க விடமாட்டார். எனக்கு அந்தப் பயபக்தி பிடிக்கும், கேலி செய்யமாட்டேன். ஆனால் பதில் இருந்தது, சொன்னேன். பவுல் நிருபம் எழுதும்போது அதிகாரமும் கிடையாது, வசன எண்ணும் கிடையாது. இன்றைக்கு நாம் சொல்லும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டில் ஸ்டீபன் லாங்டன் என்ற இங்கிலாந்துப் பேராயர் போட்டது என்கிறார்கள். புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண், ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சுக்காரர் 1551ல் போட்டது. இயேசு பேசியதைச் சிவப்பில் அச்சடிப்பது இன்னும் புதுசு, லூயிஸ் க்ளாப்ஷ் என்பவர் அமெரிக்காவில் 1899ல் தொடங்கியது. "யோவான் மூணு பதினாறுன்னு நீங்க டக்குனு எடுக்கறீங்களே அத்த, அந்த நம்பரே யாரோ பக்கத்துல எழுதி வெச்சதுதான்." அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார். "நம்பர் வேற, பொம்ம வேற" என்றார். அதுவும் நியாயம்தான்.

பொம்மை மோகம் மூன்று மாதத்தில் தானாகவே இறங்கிவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் முடிந்து பார்த்தால் முழு நேரமும் ஒரு திராட்சைக் கொடிக்கு வண்ணம் தீட்டியிருக்கிறேன், போதகர் சொன்னதில் ஒரு வரி ஞாபகம் இல்லை. ஏழு நிற ஹைலைட்டர் திட்டமும் போய்விட்டது. எது வாக்குத்தத்தத்துக்கு, எது கட்டளைக்கு என்று அட்டையின் உள்பக்கத்தில் எழுதிவைத்த பட்டியலைப் பார்த்துப் பார்த்தே வாசிக்கவேண்டியிருந்தது. மே மாத வெயிலில் அந்த ஜெல் ஹைலைட்டர் இளகி எதிர்ப்பக்கத்தோடு ஒட்டிக்கொண்டது தனிக் கதை.

உருப்படியாக நிலைத்தது ஒன்று, அருஞ்சொல். நாம் வாசிக்கும் பழைய மொழிபெயர்ப்பு 1871ல் வந்தது, ஹென்றி பவர் தலைமையில். அந்தத் தமிழ் எனக்கு உயிர், காதில் விழுந்தாலே ஆலயத்து மர பெஞ்சு வாசனை வரும். ஆனால் என் மகனுக்கு அது பாதி புரியாது. அதனால் 'பரியாசக்காரர்' பக்கத்தில் 'கேலி பேசுகிறவர்', 'ஒத்தாசை' பக்கத்தில் 'உதவி', 'அந்தகாரம்' பக்கத்தில் 'இருட்டு' என்று சின்னதாக எழுதிவைக்கிறேன். 121ஆம் சங்கீதத்தில் 'பர்வதங்களுக்கு நேராக என் கண்களை ஏறெடுக்கிறேன்' வந்தபோது, பர்வதம் என்றால் மலை என்றேன். அவன் ஜன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "நம்ம ஏரியால கொடுங்கையூர் குப்பை மேடுதானேம்மா இருக்கு" என்றான். அவனுக்கு எட்டு வயது. அதையும் தேதி போட்டு ஓரத்தில் எழுதிவைத்திருக்கிறேன்.

அப்புறம் மிக்ஜாம் புயல். 2023 டிசம்பர் 4, வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். அரிசியையும் மிக்சியையும் ரேஷன் கார்டையும் பரணில் ஏற்றிய அவசரத்தில் கட்டிலில் இருந்த இரண்டு பைபிளையும் மறந்துபோனோம், ஒன்று என்னுடையது, இன்னொன்று ஆயாவுடையது. கட்டில் சாய்ந்து இரண்டும் தண்ணீரில். மூன்றாம் நாள் எடுத்து, பத்துப் பதினைந்து தாளுக்கு ஒரு டிஷ்யூ வைத்து, கரண்ட் வந்ததும் நிறுத்திவைத்து விரித்து ஃபேன் காற்றில் காயவைத்தோம். வெயிலில் வைக்காதீர்கள், தாள் மொறுமொறு என்று ஆகிவிடும். கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே மேலே அம்மிக்கல்லைத் தூக்கி வைத்தால் ஓரளவு படியும்.

என் பைபிளில் ஜெல் பேனாவில் எழுதியதெல்லாம் கரைந்து, சங்கீதம் முழுக்க ஊதாக் குளம். தண்ணீரில் கரைகிற மை, வேறென்ன ஆகும். பால்பாயிண்டில் எழுதிய அருஞ்சொல் மட்டும் நின்றது. ஆயாவுடையதில் ஒரு எழுத்துகூடப் போகவில்லை, ஏனென்றால் ஆயா எழுதியதெல்லாம் பென்சில். ஆயா ஐந்தாவது வரை படித்தவர், தாத்தா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போனவர். அந்தப் பைபிளை நான் அதுவரை ஒழுங்காகத் திறந்தே பார்த்ததில்லை. 107ஆம் சங்கீதம், 'கப்பலேறி, கடல்யாத்திரைபண்ணி' என்று வரும் இடத்தில், ஓரம் பூராவும் குட்டிக் குட்டிக் கோடு, ஒவ்வொரு கோட்டுக்கும் குறுக்கே இன்னொன்று. அம்மாவிடம் கேட்டேன். தாத்தா கடலுக்குப் போனால் ஒரு கோடு, திரும்பி வந்தால் குறுக்குக் கோடு. ஒரு இடத்தில் மட்டும் பக்கத்தில் நாலு வார்த்தை: 'மோட்டார் ரிப்பேர். லேட். ஸ்தோத்திரம்.' கீழே அதே பென்சிலில் பால் கணக்கு.

இப்போது என் பையில் இருப்பது ஒரு ஹெச்பி பென்சில், நாலு கலர் பென்சில், ஒரு மைக்ரான் பேனா, அதுவும் 01 முனை. அதன் மை தாளில் ஊறிப் பின்பக்கம் போவதில்லை, காய்ந்தபிறகு தண்ணீர் பட்டாலும் கரைவதில்லை. புரியாத வசனத்துக்குக் கேள்விக்குறி போட்டுத் தேதி எழுதுகிறேன், லேவியராகமத்தில் பக்கத்துக்குக் குறைந்தது மூன்று இருக்கிறது. எம்.சி. ரோட்டில் வாங்கிய துண்டுத் துணியில் ஆயாவின் பைபிளுக்கு உறை தைத்தாயிற்று. என்னுடையது தண்ணீரில் ஊறிப் பருத்ததில் ஜிப் மூட மறுக்கிறது, ஆலயத்துக்கு ரப்பர் பேண்ட் போட்டுத்தான் எடுத்துப்போகிறேன். அத்தை அதைப் பார்த்துவிட்டுப் போன வாரம், பொம்மை இல்லாமல் அந்தக் காது மட்டும் தன் பைபிளுக்கு ஒட்டித்தரச் சொன்னார், பிலேமோனுக்கும் சேர்த்து.