நான்கில் மூன்று முடிந்தது: மாடல் ஏ வண்டியின் கிளிசரின் ஷாக் அப்சார்பர்கள்

மூன்றாவது ஷாக் அப்சார்பர் நேற்று இரவு வண்டியில் ஏறிவிட்டது. இன்னும் ஒன்றுதான் பாக்கி. நவம்பரில் தொடங்கிய வேலை, இப்போது ஏப்ரல் ஆகிவிட்டது. எது சரிப்பட்டது, எது சரிப்படவில்லை என்பதெல்லாம் மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன்.

வண்டி 1930-ஆம் வருஷத்து ஃபோர்டு மாடல் ஏ, இரண்டு கதவு டூடர் செடான். நாங்கள் இருப்பது மிச்சிகனில், டெட்ராய்ட்டுக்கு மேற்கே. ஃபோர்டின் ரூஜ் தொழிற்சாலை இங்கிருந்து அரை மணி நேரம். மூன்று வருஷத்துக்கு முன் வாங்கியபோதே எஞ்சின் நன்றாக ஓடியது. ஆனால் சாலையில் ஒரு பள்ளம் வந்தால் போதும், முன்பக்கம் மூன்று முறை எழும்பி எழும்பி அடங்கும். அந்தத் துள்ளலை அடக்க வேண்டிய ஷாக் அப்சார்பர்கள் வேலை செய்யவில்லை. மிச்சிகனில் பனி உருகும் பருவத்தில் பள்ளத்துக்குப் பஞ்சமே கிடையாது. சின்ன வயதில் தாத்தாவின் வில்வண்டியில் போன ஞாபகம் வரும். அதிலும் இதே கமான் பட்டைதான், இதே ஆட்டம்தான். மாட்டின் வேகத்துக்கு அது சுகமாக இருந்தது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் அப்படி இல்லை.

ஸ்பிரிங் என்பது வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிடும். கமான் பட்டையில் தகடுகள் ஒன்றோடொன்று உரசுவதால் ஆட்டம் கொஞ்சம் அடங்கும், ஆனால் அது போதாது. அந்தக் குறையை முதலில் சரிசெய்ய முயன்றவர்கள் உராய்வையே இன்னும் கூட்டினார்கள். பிரான்சில் த்ரூஃபோ என்பவர் செய்த கத்தரிக்கோல் மாதிரியான அமைப்பை, எட்வர்ட் ஹார்ட்ஃபோர்ட் 1904 வாக்கில் அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தார். இரண்டு கைகள், நடுவில் உராயும் வட்டுகள், இறுக்க ஒரு போல்ட். அவ்வளவுதான். அதன் சிக்கல், உராய்வுக்கு வேகம் தெரியாது. மெதுவாக அசைந்தாலும் சடாரென்று அசைந்தாலும் ஒரே எதிர்ப்புதான். சின்ன மேட்டில் நகராமல் விறைத்து நிற்கும், பெரிய பள்ளத்தில் போதாமல் போகும்.

எண்ணெய்க்கு வேகம் தெரியும். மெதுவாகத் தள்ளினால் விலகி வழிவிடும், வேகமாகத் தள்ளினால் எதிர்த்து நிற்கும். பிரெஞ்சுக்காரரான மோரிஸ் ஹூடாய் 1908, 1909-இல் காப்புரிமை வாங்கிய கருத்து இதுதான். அது வீட்டு வாசலுக்கு வர இருபது வருஷம் பிடித்தது. 1927 டிசம்பரில் மாடல் ஏ வெளியானபோது, 385 டாலரில் தொடங்கிய ஒரு வண்டியில், நான்கு மூலையிலும் ஹைட்ராலிக் ஷாக் அப்சார்பர் தொழிற்சாலையிலேயே பொருத்தி வந்தது. செய்தது பஃபலோ நகரத்து ஹூட் எஞ்சினியரிங் நிறுவனம். முந்தைய மாடல் டி வண்டியில் இப்படி எதுவும் கிடையாது. மாடல் ஏ-யைப் பற்றிப் பேசும்போது எல்லோரும் எஞ்சினையும் நான்கு சக்கர பிரேக்கையும் சொல்வார்கள். எனக்கு இந்த நான்கு இரும்புக் கிண்ணங்கள்தான் பெரிதாகப் படுகின்றன.

கிண்ணம் என்று சொன்னது சும்மா இல்லை. இன்றைய பைக்கில் இருப்பது மாதிரி நீளக் குழாய் கிடையாது. உள்ளங்கையில் அடங்கும் உருண்டைக் கிண்ணம், வண்டியின் அடிச்சட்டத்தில் போல்ட் போட்டு முடுக்கியிருக்கும். அதிலிருந்து ஒரு கை நீண்டு, ஒரு இணைப்புத் தண்டு வழியாக அச்சோடு சேரும். உள்ளே ஒரு தண்டு, அதன் இரு பக்கமும் சிறகு மாதிரி இரண்டு தகடுகள். கிண்ணத்தோடு அசையாமல் நிற்கும் தடுப்புகள் இரண்டு. ஆக நான்கு அறைகள். சக்கரம் ஏறி இறங்கும்போது கை தண்டைத் திருப்பும், சிறகுகள் திரவத்தை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குப் பிதுக்கித் தள்ளும். அது போகும் வழியில் தண்டின் நடுவே ஒரு நீடில் வால்வு, அதாவது திருகி வழியைக் கூட்டவும் குறைக்கவும் ஓர் ஊசி முனை. மேலே ஒரு சிறிய தேக்கம், குறைந்ததை நிரப்பிக்கொள்ள.

அந்தத் திரவம் கிளிசரின். மருந்துக் கடையில் வாங்குவோமே, சினிமாவில் அழுவதற்குக் கண்ணில் விடுவார்களே, அதேதான். கெட்டியாக இருப்பதால் சந்துகளில் சட்டென்று ஒழுகாது. குளிர் ஊருக்கு அதில் கொஞ்சம் ஆல்கஹால் கலப்பார்கள். இதைப் படித்துத் தெரிந்துகொள்வதற்கு முன்னாலேயே நான் முதல் கிண்ணத்தைக் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டேன். ஒரு வாரம் ஆகியும் உள்ளே இருந்த பாகு அசையவில்லை. கிளிசரின் மண்ணெண்ணெயில் கரையாது, தண்ணீரில் கரையும். கொதிக்கும் தண்ணீரை ஊற்றிய அரை மணி நேரத்தில் பாதி வெளியே வந்தது. மீதிப் பாதி கறுப்புச் சேறு. யாரோ ஒரு காலத்தில் அதில் எஞ்சின் ஆயிலை ஊற்றியிருக்கிறார்கள். கிளிசரினும் ஆயிலும் சேராது. அந்தச் சேறுக்குத்தான் மண்ணெண்ணெய். இரண்டையும் மாற்றி மாற்றி மூன்று முறை கழுவிய பிறகு உலோகம் தெரிந்தது. துரு இருந்தது, ஆனால் குழி விழும் அளவுக்கு இல்லை. கிளிசரின் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பல வருஷம் சும்மா நின்ற வண்டியில் துரு பிடிக்க அதுவே காரணம்.

மூடியைத் திறப்பதுதான் இந்த வேலையில் பாதி. அது மரை போட்டுக் கிண்ணத்துக்குள் இறங்கியிருக்கும், தொண்ணூறு வருஷ இறுக்கம். சாதாரண ஸ்பேனர் நழுவிவிடும். பக்கத்து வீட்டுப் பெரியவர் லேத் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மூடியின் வடிவத்துக்கு ஒரு கெட்டிச் சாவி வெட்டித் தந்தார். அதில் ஒன்றரை மீட்டர் இரும்புக் குழாயைச் சொருகி, நானும் அவரும் சேர்ந்து தள்ளியும் நகரவில்லை. அப்புறம் கேஸ் டார்ச்சால் கிண்ணத்தின் விளிம்பை மட்டும் சூடாக்கினோம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. சூடு காட்டுமுன் நிரப்பும் துளையின் திருகைக் கழற்றி, உள்ளே இருப்பதை முழுக்க வடித்துவிட வேண்டும். மூடிய கிண்ணத்துக்குள் திரவத்தைச் சூடாக்குவது வெடிகுண்டுக்குச் சமம். முதல் கிண்ணத்தில் வடித்தேன், ஆனால் ஓரத்தில் கொஞ்சம் தங்கியிருந்தது. அதிகச் சூட்டில் கிளிசரின் சிதைந்து அக்ரோலின் என்ற வாயு வரும். எண்ணெய் கருகும்போது கண்ணைக் கரிக்குமே, அதன் பத்து மடங்கு. ஷெட் கதவைத் திறந்து போட்டுவிட்டுப் பனியில் போய் நின்றோம். இரண்டாவது கிண்ணம் முதல், வெந்நீரில் அலசிக் காயவைத்த பிறகுதான் டார்ச்சைக் கையில் எடுக்கிறேன்.

முன் இடது கிண்ணம் திறந்ததும் ஒரு கோளாறு கண்ணில் பட்டது. சக்கரம் மேலே ஏறும்போது குறைந்த எதிர்ப்பும், ஸ்பிரிங் திரும்பி விரியும்போது கூடுதல் எதிர்ப்பும் வர வேண்டும். அதற்காக உள்ளே ஒருவழி வால்வு உண்டு, ஒரு சின்ன பால்ரஸ் குண்டுதான் அது. ஒரு பக்கம் போனால் விலகும், மறுபக்கம் போனால் துளையை அடைக்கும். இடது வலது ஷாக்குகளை மாற்றிப் போடக் கூடாது என்பது இதனால்தான். என்னுடையதில் குண்டு பாகில் ஒட்டி அப்படியே நின்றுவிட்டது. சுத்தம் செய்து, குண்டு உட்காரும் இடத்தைப் பளபளவென்று தேய்த்து விட்டேன். இனி சரியாகிவிடும் என்று நினைத்துக் கிளிசரின் ஊற்றி, இறுக்கிப் பிடிக்கும் வைஸில் மாட்டினேன்.

சோதனை எளிமையானது. கையின் நுனியில் 4 கிலோ எடையைத் தொங்கவிட்டு, மேல் கோட்டிலிருந்து கீழ்க் கோட்டுக்கு இறங்க எவ்வளவு நேரம் என்று பார்ப்பது. நீடில் வால்வை முழுக்க மூடிய நிலையில். ஸ்டாப்வாட்ச் பிடித்தது என் மகள், பத்தாம் வகுப்பு.

“அப்பா, ஒன்றரை விநாடி. விழுந்துடுச்சு.”

வால்வு மூடியிருக்கிறது, குண்டு அடைத்திருக்கிறது, பிறகு எந்த வழியாகத் திரவம் போகிறது? சிறகுக்கும் மூடிக்கும் நடுவிலுள்ள சந்து வழியாகத்தான். அளந்தேன், 0.11 மில்லிமீட்டர். தலைமுடி அளவு. இவ்வளவு கெட்டியான திரவத்துக்கு அது போதுமா என்ற சந்தேகத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். மெல்லிய சந்தில் ஒழுகும் அளவு, சந்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும். சந்து இரண்டு மடங்கானால் ஒழுகல் எட்டு மடங்கு. அதாவது நாம் திருகித் திருகிப் பார்க்கும் நீடில் வால்வு இங்கே எஜமானன் இல்லை. தேய்ந்த சந்துதான் எஜமானன். இந்த வேலை முழுவதிலும் நான் கற்ற முக்கியமான விஷயம் இது. வால்வை இறுக்கியும் ஷாக் வேலை செய்யவில்லை என்று தூக்கிப் போடப்பட்ட கிண்ணங்களில் பல இப்படித்தான் போயிருக்கும்.

மூடி தடுப்புகளின் மேல்தான் உட்காருகிறது. தடுப்புகள் சிறகைவிட எவ்வளவு உயரமோ அவ்வளவு சந்து. எனவே தடுப்பின் உயரத்தைக் குறைத்தால் சந்தும் குறையும். தடிமனான கண்ணாடி மேல் நைஸ் உப்புத்தாளை ஒட்டி, மண்ணெண்ணெய் தெளித்து, எட்டு வடிவில் தேய்த்தேன். இருபது தேய்ப்புக்கு ஒரு தடவை அளவு. இரண்டு இரவு. அவசரப்பட்டால் சிறகு மூடியில் இடித்துச் சிக்கிக்கொள்ளும். 0.06-இல் நிறுத்திவிட்டேன். 11-ஐ 6-ஆல் வகுத்து மும்மடி எடுத்தால் ஆறு மடங்குக்குச் சற்று மேல் வரும். ஒன்றரை விநாடி ஒன்பதுக்குச் சற்று மேல் ஆக வேண்டும்.

9.3 விநாடி வந்தது. மகள் தாளில் தான் எழுதி வைத்திருந்த கணக்கைக் காட்டினாள், 9.2. அன்றைக்கு இருவருக்கும் இரவு தூக்கம் வரவில்லை.

அப்புறம் எடையை 8 கிலோவாக்கினோம். 4.8 விநாடி, ஏறக்குறைய சரிபாதி. அழுத்தம் இரட்டித்தால் வேகமும் இரட்டிக்கிறது. மெல்லிய எண்ணெய் சின்னத் துளையில் பாயும்போது இப்படி வராது. அங்கே எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். கெட்டியான கிளிசரின் சந்தில் ஊர்ந்து போவதால் நேர்கோட்டுக் கணக்கு. ஜாக்குக்கு ஊற்றும் ஹைட்ராலிக் ஆயிலையும் ஒருமுறை ஊற்றிப் பார்த்தோம். போனில் ஸ்லோ மோஷன் வீடியோ எடுத்துத்தான் அளக்க முடிந்தது, ஒரு விநாடிகூட நிற்கவில்லை. சுலபமாகக் கிடைக்கிறது என்று இதை ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். இவ்வளவு தேய்ந்த கிண்ணத்துக்கு அது ஆகாது.

கிளிசரினுக்கும் ஒரு குறை உண்டு, குளிர். 20 டிகிரியில் இருப்பதைவிட 0 டிகிரியில் எட்டு மடங்குக்கு மேல் கெட்டியாகிவிடும். கிண்ணத்தை ஒரு ராத்திரி ஃபிரிட்ஜில் வைத்துப் பார்த்ததில் அதே 4 கிலோ இறங்க 52 விநாடி ஆனது. அப்படி இறுகினால் ஷாக் இல்லை, கட்டைதான். அந்தக் காலத்தில் இந்த வண்டியைப் பனியிலும் ஓட்டினார்கள், ஆல்கஹால் அவசியமாக இருந்தது. நான் மே முதல் அக்டோபர் வரைதான் ஓட்டுகிறேன், அதனால் கொஞ்சமாகவே கலந்திருக்கிறேன், நூற்றுக்கு ஐந்து.

முன் வலது, பின் இடது இரண்டும் இதே வழியில் முடிந்தன. பின் இடதில் தண்டு வெளியே வரும் இடத்தில் பழைய பேக்கிங் மக்கிப் போயிருந்தது. பெரியவர் அங்கே ஒரு பள்ளம் கடைந்து தர, ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் போட்டேன். வெளியே தெரியாது, ஒழுகலும் இல்லை.

இதையெல்லாம் பார்த்த நண்பர் ஒருவர், காற்றையே அடைத்து வைத்தால் போதாதா என்று கேட்டார். முயன்றிருக்கிறார்கள். 1909-இல் பிரிட்டனில் கௌவி நிறுவனம் காற்று அடைத்த ஸ்பிரிங்கோடு வண்டி செய்தது, ஆனால் காற்று ஒழுகிவிட்டது. 1920-களில் பிரான்சில் ஜார்ஜ் மெஸ்ஸியே, ஸ்பிரிங்கே இல்லாமல் காற்றின் மேல் நிற்கும் கார்களைச் செய்து விற்றார். கார் வியாபாரம் நிலைக்கவில்லை, ஆனால் அவர் நிறுவனம் விமானத்தின் இறங்கு சக்கரங்களுக்குப் போய்ப் பெரிதாக வளர்ந்தது. இன்றும் விமானம் தரையில் இறங்கும்போது அடியை வாங்கிக்கொள்வது அழுத்தப்பட்ட வாயுவும் எண்ணெயும் சேர்ந்துதான். காற்று ஸ்பிரிங் மாதிரி தாங்கும், ஆட்டத்தை அடக்க எண்ணெய் வேண்டும்.

போன சனிக்கிழமை, முன்பக்கம் இரண்டும் மாட்டிய பிறகு, ரயில்வே கேட் வரை ஓட்டிப் பார்த்தோம். மனைவி பின்சீட்டில். தண்டவாளத்தைக் கடந்ததும் முன்பக்கம் ஒருமுறை இறங்கி, ஒருமுறை எழுந்து, நின்றது. பின்பக்கம் பழையபடி துள்ளியது. “முன்னாடி உட்கார்ந்திருக்கிறவங்களுக்கு மட்டும் புது வண்டியா?” என்றாள். நியாயமான கேள்வி. அதனால்தான் இந்த வாரம் பின் இடதை முடித்தேன்.

நீடில் வால்வை எங்கே வைப்பது என்பதில் இன்னும் சோதனை நடக்கிறது. சின்னத் திருப்பம்கூடப் பெரிய வித்தியாசம் காட்டுகிறது, ஆகவே வால்வு முள்ளின் இடத்தைச் சுண்ணக்கட்டியால் குறித்துக்கொண்டு, ஒரே சாலையில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்க்கிறேன். இப்போதைக்கு முன்பக்கத்தைவிடப் பின்பக்கம் சற்று இறுக்கம்.

செப்டம்பரில் டியர்பார்னில் கிரீன்ஃபீல்டு வில்லேஜில் பழைய கார் விழா நடக்கும், 1932 வரைக்குமான வண்டிகள் வரும். அங்கே கொண்டுபோக ஆசை. பின் வலது கிண்ணம் வைஸில் நிற்கிறது. வடித்தாயிற்று, வெந்நீரில் மூன்று முறை அலசியாயிற்று, மரையில் துரு இளக்கும் எண்ணெய் விட்டுப் பத்து நாள் ஆகிறது. மூடி இன்னும் அசையவில்லை. ஞாயிற்றுக்கிழமை பெரியவர் வருகிறார், டார்ச் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.