தெற்கு வேலிக்காரர்

இன்று காலை தெற்கு வளவு ஐயா படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் அளவுநாடா. சாரத்தில் என் கதை வந்த சஞ்சிகை. கிணற்றடிப் பக்கமாக நழுவலாம் என்று பார்த்தால், அங்கே அவருடைய கோழிகள் காவல் நின்றன.

கதைக்கு ஒரு கோணங்கி அயலவர் தேவைப்பட்டார். வன்னியில் அதற்கா பஞ்சம்? ஆனாலும் ஆள் தெரியக்கூடாதென்று மூன்று பேரைக் குழைத்து ஒருவராக்கினேன். கிளிநொச்சியை மல்லாவியாக்கினேன். சாரத்தை அவிழ்த்து வேட்டி கட்டிவிட்டேன். முறிகண்டியில் பஸ் நின்றதும் கச்சான் வாங்கி, உடைத்து, சொத்தைகளை எண்ணி, சாரதி ஹோர்ன் அடிக்க அடிக்க அவற்றைத் திருப்பிக் கொடுக்கப்போவாரே, அதைக்கூட அவித்த சோளமாக மாற்றினேன்.

வேலியை மாற்றத்தான் மனம் வரவில்லை. வேலிக்கு நட்ட கதியால் தடிகளைப் புதுப்பிக்கிற ஒவ்வொரு முறையும் அது எங்கள் பக்கம் ஒரு விரற்கடை நகரும். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகளைத் திறந்து, வெள்ளம் வளவுக்குள் ஏறியபோது ஊரே நெல்மூட்டையோடு ஓடியது. இவர் முழங்கால் தண்ணீரில் நின்று கதியால்களைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டிருந்தார். இதை யாரால் கற்பனை செய்ய முடியும்?

"கதை நல்லது தம்பி. அளவுதான் பிழை" என்று நாடாவின் நுனியை என்னிடம் தந்தார். வெயில் ஏறும்வரை இழுத்தோம். முடிவில், நான்தான் ஒன்றரை அடி அவர் காணிக்குள் குடியிருக்கிறேனாம். கறிவேப்பிலை மரம் முழுக்க அவருடையதாம். இத்தனை வருடமும் திருட்டுக் கறிவேப்பிலையில் தாளித்திருக்கிறேன்!

தேநீர் கொடுத்தேன். சஞ்சிகையை விரித்தார். மடித்து வைத்திருந்தது வேலி வருகிற பக்கமல்ல. அந்த மனிதரை அவர் மனைவி குசினிக்குள் இருந்து ஏசுகிற பக்கம். ஐயாவின் மனைவி, ஆச்சி, கண்மூடி வருகிற மாசியோடு ஒரு வருடம். ஆச்சியை மட்டும் யாரோடும் குழைக்காமல் விட்டிருக்கிறேன்.

"ஏச்சு அவளுடையதுதான். ஆனால் நாலு வரியோடு விடமாட்டாளே."

அந்த இடத்திலேயே இன்னும் எட்டு வரி எழுதிக் கொடுத்தேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டு, ஒவ்வொன்றாக வாய்விட்டு வாசித்தார். பேனையை வாங்கி ஒன்றை வெட்டினார்.

"'நாசமாய்ப் போன மனுசன்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'கோதாரி விழுந்த மனுசன்' என்றுதான் சொல்லுவாள்."

போகும்போது ஒரு கொத்துக் கறிவேப்பிலை முறித்துக்கொண்டு போனார். கேட்கவில்லை.