தீமை எங்கிருந்து வருகிறது? வீட்டு ஜெபம் நடத்துகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தின் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒரு பிள்ளைக்கு அடிக்கடி வலிப்பு வந்தால் விளக்கங்கள் வரிசையாக வந்துவிடும். கோடாங்கி செய்வினை என்பார். பக்கத்து வீட்டார் கண்ணூறு என்பார்கள். ஜெபிக்க வந்தவர் பரம்பரைச் சாபம் என்பார். கடைசி விளக்கம் வேதப் புத்தகத்தோடு வீட்டுக்குள் வருவதால் கிறிஸ்தவக் குடும்பம் அதையே பிடித்துக்கொள்ளும். ஆனால் திருச்சபையின் போதனை அப்படி ஒரே வரியில் முடிவதில்லை. உபதேசியார்களும் மூப்பர்களும் அதை ஒழுங்காகத் தெரிந்துவைத்திருப்பது நல்லது. தெரியாமல் போனால் அடிபடுவது ஏற்கெனவே நொந்துபோன வீடுதான்.

முதலில் அடிப்படை. நன்மை எல்லாம் கடவுளிடமிருந்து வருகிறது (யாக்கோபு 1:17). அவர் யாரையும் தீமைக்கு இழுப்பதில்லை (1:13). அதற்காக, தீமைக்கென்று தனியாக இன்னொரு கடவுள் இருக்கிறார் என்றும் ஆகாது. திருச்சபையின் பெரிய போதகரான புனித அகுஸ்தீன் இளவயதில் ஏறக்குறைய 9 ஆண்டுகள் மானி என்ற மதபோதகரின் கூட்டத்தில் இருந்தவர். ஒளிக்கும் இருளுக்கும் நடக்கும் நிரந்தரப் போர்தான் உலகம் என்பது அவர்களுடைய போதனை. பிறகு அதை விட்டு வெளியே வந்தவர், தீமை தானாக நிற்கும் ஒரு பொருள் அல்ல, நன்மையில் ஏற்படும் குறைவு என்று எழுதினார். தேயிலையின் கொப்புள நோய் தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். இளங்கொழுந்தில் முதலில் எண்ணெய் பட்டது போல ஒரு பொட்டு. பிறகு இலையின் மேற்புறம் குழிந்து அடிப்புறம் வெள்ளையாகப் புடைக்கும். அந்தப் பூஞ்சணம் உயிருள்ள கொழுந்தை உண்டுதான் பிழைக்கும். கொழுந்து இல்லாவிட்டால் அதற்கு வாழ்வில்லை.

ஆகவே பிசாசும் விழுந்துபோன ஒரு படைப்புதான். எதையும் படைக்கும் வல்லமை அவனுக்கு இல்லை. இயேசுவின் பெயரைவிடப் பிசாசின் பெயர் அதிகம் ஒலிக்கிற ஜெபம் மானியின் பக்கம் சாய்ந்துவிட்டது என்றே நான் சொல்வேன்.

சோதனைக்குப் பழைய ஞானோபதேசம் மூன்று வாசல்களைச் சொல்லும்: உலகம், சரீரம், பிசாசு. நம் ஜெபக் கூட்டங்களில் மூன்றாவதற்குக் கிடைக்கும் நேரம் மற்ற இரண்டுக்கும் கிடைப்பதில்லை.

சரீரத்தைப் பற்றி யாக்கோபு 1:14-15 படிப்படியாகச் சொல்கிறது: சொந்த ஆசை இழுக்கிறது, மனிதன் சிக்குகிறான், ஆசை கருத்தரிக்கிறது, பாவம் பிறக்கிறது, கடைசியில் மரணம். கசிப்பு என்ற கள்ளச்சாராயத்துக்கு அடிமையானவரோடு வேலை செய்கிறவர்கள் இந்த வரிசையைக் கவனித்துப் படிக்க வேண்டும். குடித்து முடித்த பிறகு நடத்தும் ஜெபம் நாலாம் படியில் நடக்கிறது. வெட்ட வேண்டிய இடம் முதல் இரண்டு படிகள்: சம்பள நாளில் காசு யார் கைக்குப் போகிறது, அன்று மாலை எந்தப் பாதையால் வீடு வருகிறார், கூட யார் வருகிறார்கள். நாள்தோறும் கடுமையாகக் குடித்தவர் திடீரென நிறுத்தினால் நடுக்கம், வலிப்பு, பிதற்றல் வரலாம். அதைப் பேய் ஆட்டம் என்று நினைத்துக் கட்டிப்போடக் கூடாது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

உலகம் என்ற வாசல்தான் மலையகத்தில் எல்லாவற்றையும்விடப் பெரியது. கொழுந்து நிறுக்கும்போது சாக்கின் உண்மையான எடைக்கு மேல் கழித்தால் அது பாவம். 'கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது' என்று நீதிமொழிகள் 11:1 நேரடியாகவே சொல்கிறது. அந்தக் கழிவால் கிலோ குறைந்து ஒரு தாய்க்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுந்தால், அவள் வீட்டுக் கஷ்டத்துக்குச் சாபத்தைத் தேட வேண்டியதில்லை. ஒருவர் மட்டும் செய்யாமல் சட்டமும் வழக்கமும் சேர்ந்து செய்யும் தீமையும் உண்டு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. இந்தியாவும் இலங்கையும் செய்த 1964 ஒப்பந்தம் அவர்களைத் தலைக்கணக்காகப் பிரித்தது: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு. இப்படிப்பட்டவற்றைத்தான் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் பாவக் கட்டமைப்புகள் என்றார். அவை தனி மனிதரின் பாவத்தில் தொடங்கி, பிறகு எல்லாருடைய மௌனத்தாலும் வேர்விடுகின்றன. கண்டியில் 1972இல் சத்யோதயம் என்ற சமூக நிலையத்தைத் தொடங்கிய இயேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் தோட்டத் தொழிலாளரின் உரிமைக்காக நின்றதும் இதே விசுவாசத்தில்தான். அதை அரசியல் என்று ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

இனி மண்சரிவு. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. இப்படி ஒன்று நடந்தால், அவர்கள் என்ன பாவம் செய்தார்களோ என்ற பேச்சு எங்காவது எழும். லூக்கா 13:1-5ஐத் திறந்து பாருங்கள். பிலாத்து கொன்ற கலிலேயரைப் பற்றி இயேசுவிடம் சொல்கிறார்கள். சீலோவாம் கோபுரம் விழுந்து இறந்த 18 பேரை அவரே எடுத்துச் சொல்கிறார். முன்னது மனிதன் செய்த கொலை, பின்னது விபத்து. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் அல்ல என்பதே இரண்டுக்கும் அவருடைய பதில். மனந்திரும்பச் சொன்னது உயிரோடு கேட்டுக்கொண்டிருந்தவர்களைப் பார்த்து. மீரியபெத்தை ஆபத்தான இடம் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பல ஆண்டுகளுக்கு முன்பே எச்சரித்திருந்தது. மழையும் சரிவும் படைப்பின் வேதனை என்றால் (ரோமர் 8:22), அந்தச் சரிவின் அடியில் மக்களை விட்டுவைத்தது மனிதர் பொறுப்பு. இரண்டையும் பிரித்துப் பேச வேண்டும்.

இதில் ஜெபக் குழுக்களுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. 24 மணித்தியாலத்தில் மழை 150 மில்லிமீட்டரைத் தாண்டினால் ஆபத்தான சரிவிலிருந்து வெளியேற வேண்டும். நிலத்தில் வெடிப்பு, சாய்ந்த மரம், திடீரெனக் கலங்கி வரும் ஊற்று தெரிந்தால் மழையளவைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. 'கர்த்தர் காப்பார்' என்று அந்த லயத்துக்குள்ளேயே முழு இரவு ஜெபம் வைப்பது, ஆலயத்து உச்சியிலிருந்து குதி என்று பிசாசு காட்டிய வழி (மத்தேயு 4:5-7).

வலிப்பு வந்த பிள்ளைக்குத் திரும்புவோம். மத்தேயு 4:24 பிசாசு பிடித்தவர்களை ஒரு பக்கமும், வலிப்பு நோயாளிகளையும் திமிர்வாதக்காரரையும் வேறு பக்கமும் வைத்துத் தனித்தனியே எண்ணுகிறது. ஒரு சிறுவனின் வலிப்பைத் தீய ஆவியோடு சேர்த்துச் சொல்லும் இடமும் நற்செய்திகளில் உண்டு. அதை எல்லா வலிப்புக்கும் சட்டமாக்க முடியாது. கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயரின் வெளிப்படையான அனுமதி இல்லாமல் குருவானவர்கூடப் பேயோட்டும் சடங்கை நடத்த முடியாது (திருச்சபைச் சட்டம் 1172). முதலில் இது நோயா என்று உறுதிசெய்ய வேண்டும். கிளினிக்கில் கொடுத்த குளிசையை விசுவாசத்தின் பெயரால் நிறுத்தச் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் விடாமல் வலிப்பு வந்து உயிரே போகலாம். பரம்பரைச் சாபம் என்போருக்கு எசேக்கியேல் 18:20 பதில்: தகப்பனின் அக்கிரமத்தை மகன் சுமப்பதில்லை. பிறவிக் குருடனைக் காட்டி 'யார் செய்த பாவம்' என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, பெற்றவர்களும் அல்ல என்றார் இயேசு (யோவான் 9:3).

துன்பப்பட்ட வீட்டுக்குப் போனால் உட்காருங்கள். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் இருந்தார்கள், அதுவரை குற்றமில்லை. காரணம் சொல்லத் தொடங்கியதும்தான் கெட்டது, கடைசியில் கடவுளின் கோபம் அவர்கள் மேல்தான் விழுந்தது (யோபு 42:7). சங்கீதம் 13 போல முறையிடும் சங்கீதம் ஒன்றை வாசியுங்கள். சாப்பாடு, ஆஸ்பத்திரிக்குப் போகும் வாகனம், பிள்ளைகளை யார் பார்ப்பது என்பதை விசாரியுங்கள்.

நன்றி சொல்லும் ஜெபத்தில் நன்மையின் ஊற்றையும் சுருக்கிவிடாதீர்கள். கடவுள் நல்லவர் தீயவர் எல்லார் மேலும் மழை பெய்யப்பண்ணுகிறார் (மத்தேயு 5:45). கோயில் மண்டபத்தில் இடம் கொடுத்தவர்கள், பன்சலை என்ற பௌத்த விகாரையிலிருந்து சோறு அனுப்பியவர்கள், இரவில் ஓட்டோ ஓட்டிய முஸ்லிம் பையன், வார்டில் பார்த்த சிங்களத் தாதி: இவர்கள் செய்ததும் அதே பிதாவிடமிருந்து இறங்கிய ஈவுதான். அவர்களையும் நினைத்து, பெயர் சொல்லி ஜெபியுங்கள்.