மூச்சுக்குத் தவிக்கும் கலங்கள்

மட்டக்களப்பில் நோயியல் ஆய்வுகூடமொன்றில் இழையம் வெட்டுவதுதான் என் வேலை. போமலினில் ஊறி மெழுகில் பதிந்து வரும் இழையத் துண்டை மைக்ரோட்டோமில் நாலைந்து மைக்றோமீற்றர் தடிப்பில் சீவி, வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடித் தகட்டில் ஏந்த வேண்டும். பிறகு சாயம்: கலத்தின் கரு நீலமாகும், மற்றதெல்லாம் இளஞ்சிவப்பு.

வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கமிருந்து வாய்ப்புற்று அடிக்கடி வரும். வயல் வேலையோடு வெற்றிலை, பாக்கு, புகையிலையும் ஒட்டிக்கொண்ட ஊர்கள். இலங்கை ஆண்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோயே அதுதான்.

பெரிய கட்டிகளின் நடுவில் கரு மறைந்து வெளிறிய திட்டுகள் தெரியும். "மிஸ், ஓரமெல்லாம் நல்லா வளருது, நடுவில மட்டும் ஏன் செத்துக் கிடக்கு?" என்று பயிற்சிக்கு வந்த பிள்ளை கேட்டாள். ஒட்சிசன் எட்டாததுதான் காரணம். 1955இல் தொம்லின்சன், கிரே என்ற ஆய்வாளர்கள் நுரையீரல் புற்றில் இதை அளந்தார்கள். இரத்தம் ஓடும் இடத்திலிருந்து 0.2 மில்லிமீற்றர்கூடத் தள்ளியிருக்க முடியாது, கலம் செத்துவிடும்.

செத்தது போகட்டும். அதன் விளிம்பில் அரைமூச்சோடு தாக்குப்பிடிக்கும் கலங்கள்தான் எனக்குக் கவலை. கதிர்ச்சிகிச்சைக்கு அவை மசிவதில்லை. அவற்றைக் கொல்ல இரண்டரை முதல் மூன்று மடங்கு கதிர் வேண்டும். என் சாயமோ அவற்றைப் பிரித்துக் காட்டாது.

யப்பானின் குன்மா பல்கலைக்கழகத்தார் 2010இல் எலிகளில் காட்டிய, இரிடியம் என்ற உலோகம் அடங்கிய சேர்வை அதைச் செய்கிறது. ஒளி பட்டதும் அந்த மூலக்கூறு சக்தியைச் சில மைக்றோசெக்கன்கள் பிடித்து வைத்திருந்து, பிறகு சிவப்பாக ஒளிரும். அதற்குள் ஒட்சிசன் வந்து மோதினால் சக்தி அதனிடம் போய்விடும், ஒளி அணையும். ஆகவே மூச்சுத் திணறும் இடம் மட்டும் பளிச்சென்று சிவக்கும், அதுவும் உயிரோடிருக்கும் உடம்பில். இதே சேர்வை கைபேசி, தொலைக்காட்சிகளில் வரும் ஒஎல்ஈடி திரைகளுக்கான சிவப்பு ஒளிர்பொருளாக முன்பே ஆராயப்பட்டது என்பது எனக்குப் பெரிய வியப்பு.

சிவப்பு ஒளி தசைக்குள் அதிக தூரம் போகாது. ஒளியை, இன்னும் ஆழம் போகும் அகச்சிவப்புப் பக்கம் நகர்த்திய இன்னொரு சேர்வையால், எலியின் தோலுக்குக் கீழே 6 முதல் 7 மில்லிமீற்றர் ஆழத்திலிருந்த கட்டியைப் பார்த்தார்கள். ஈரலுக்கோ நுரையீரலுக்கோ அது போதாது. ஆனால் வாய் திறந்தால் தெரிகிற உறுப்பு. கன்னத்து உட்பக்கமும் நாக்கு விளிம்பும் விளக்குக்கு எட்டும். மனிதருக்குப் பாதுகாப்பானது என்று நிறுவப்பட்டால், இந்தச் சேர்வைகளை முதலில் வாய்ப்புற்றில்தான் பரீட்சிக்க வேண்டும் என்பேன்.