ட்ரேசிக்கு 24 வயது, நோட்ஸ் கிடைத்தது நேற்றுதான்

பிடித்த பையனை எப்படி நெருங்குவது என்று தெரியாத பெண், விவரம் தெரிந்த தோழியிடம் யோசனை கேட்கிறாள். தோழி சுற்றி வளைக்காமல், "அவன் முகத்து மேல உட்காரு" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறாள். இவளும் போகிறாள். உடுத்திய உடை உடுத்தியபடி, டவுன் பஸ்ஸில் காலி சீட்டைக் கண்டவள் மாதிரி, அப்படியே போய் உட்கார்ந்துவிடுகிறாள். கீழே ஒருவன் மூச்சுக்குத் தவிக்கிறான், மேலே இருப்பவளுக்கோ வீட்டுப்பாடத்தை ஒழுங்காக முடித்த திருப்தி.

'சூயிங் கம்' என்ற பிரிட்டிஷ் சிட்காம், அதாவது டிவி நகைச்சுவைத் தொடர், எப்படிப்பட்டது என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு காட்சியைச் சொன்னால் போதும். 2015 அக்டோபரில் இ4 சேனலில் தொடங்கியது. இரண்டாவது சீசன் 2017 ஜனவரியில் வந்தது. சீசனுக்கு 6 எபிசோட், ஆக மொத்தம் 12. விளம்பரம் போக ஒவ்வொன்றும் அரைமணி நேரத்துக்குள் முடிந்துவிடும். பன்னிரண்டையும் எழுதியவரும் ட்ரேசியாக நடித்தவரும் மிக்கேலா கோல்தான். 2016இல் நகைச்சுவை நடிப்புக்கு ஒன்று, புதிய திறமைக்கு ஒன்று என்று இரண்டு பாஃப்டா (பிரிட்டனின் திரை, டிவி விருது) வாங்கினார்.

கதை நடப்பது கிழக்கு லண்டன், டவர் ஹாம்லெட்ஸ் பகுதியின் கவுன்சில் குடியிருப்பு, அதாவது உள்ளாட்சி குறைந்த வாடகைக்குத் தரும் வீடுகள். ட்ரேசி கோர்டன் ஒரு கடையில் வேலை பார்ப்பவள். அம்மா ஜாய் ஜெபமும் பிரசங்கமுமாக வாழ்பவர். கூடப்பிறந்த சிந்தியாவுக்கு லூடோ ஆடுவதுதான் உச்சபட்ச கேளிக்கை. காதலன் ரொனால்ட் அம்மாவைவிடப் பக்திமான்: வருஷக்கணக்காகக் காதல், விரல்கூடப் பட்டதில்லை. அவன் ஏன் இவ்வளவு ஒதுங்குகிறான் என்பது பார்க்கிற நமக்கு சீக்கிரமே புரிந்துவிடும், அவளுக்குப் புரிய நாளாகும். வேண்டுதல் வைக்க ட்ரேசிக்கு ஆள் இரண்டு பேர். ஒருவர் இயேசு, இன்னொருவர் பாப் பாடகி பியோன்ஸே.

வெகுளிப் பெண் என்றதும் நம் நினைவுக்கு வருகிற கூச்சம், தலைகுனிவு எதுவும் ட்ரேசியிடம் கிடையாது. எதுவும் தெரியாது, ஆனால் தெரியாது என்ற கவலையும் இல்லை. பரீட்சைக்கு ஒரு நாள் முன்னால் அடுத்த வகுப்புக்காரனின் நோட்ஸை வாங்கி, புரியாததையும் சேர்த்து மனப்பாடம் பண்ணி, முதல் பெஞ்சில் போய் உட்காருகிற தைரியம். மாற்றிப் பாருங்கள். அவள் தயங்கித் தயங்கிச் செய்தால் பார்ப்பவருக்குப் பாவமாக இருக்கும், சிரிப்பு செத்துவிடும். தெரிந்து கிண்டலாகச் செய்தாலோ வெறும் ஆபாசம். முழு நம்பிக்கையோடு தப்பாகச் செய்வதால்தான் கூச்சம் அவளிடமிருந்து இறங்கி, எதிரில் நிற்பவன் தலையிலும் நம் தலையிலும் ஏறுகிறது. அந்தத் தோழி கேண்டிஸ் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. நடுவில் உள்ள நாலு படிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிடுகிறாள். சமையல் குறிப்பில் "பதமாக வந்ததும் இறக்கவும்" என்று எழுதுகிற அதே தப்பு.

அடுத்து கேமரா. காட்சியின் நடுவில் ட்ரேசி சட்டென்று நம் பக்கம் திரும்பிப் பேசுவாள். பக்கத்தில் இருப்பவர்களுக்கு அது கேட்காது. இதில் கணக்கு மிக நுணுக்கமானது. எதிராளியோடு பேசும்போது நடிகையின் பார்வை லென்ஸுக்குச் சற்று ஓரத்தில் இருக்கும், நம்மோடு பேசும்போது லென்ஸுக்குள்ளேயே. நகர்வது கருவிழி மட்டும். கழுத்தும் சேர்ந்து திரும்பினால் நாடக மேடை ஆகிவிடும். பேச்சும் சின்னதாக இருக்க வேண்டும், நீண்டால் பக்கத்தில் நிற்கும் நடிகருக்குச் சுவரைப் பார்ப்பதைத் தவிர வேலை இருக்காது. நடந்து முடிந்ததை இப்படித் திரும்பிச் சொன்னால் அது வெறும் வர்ணனை. நடக்கப்போவதை, அதுவும் அதீத நம்பிக்கையோடு, முன்கூட்டியே சொன்னால்தான் பலன். "எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்கிற தோரணையில் ஒரு பார்வை, அடுத்த ஷாட்டில் சர்வநாசம். இந்தத் தொடரில் சிரிப்பொலி சேர்ப்பதும் இல்லை, எங்கே சிரிப்பது என்பது நம் பாடு.

மேடைப் பழக்கம் இப்படிக் கைகொடுத்ததில் ஆச்சரியமில்லை. கோல் லண்டன் கில்ட்ஹால் நாடகப் பள்ளியின் இறுதியாண்டில் எழுதிய 'சூயிங் கம் ட்ரீம்ஸ்' என்ற தனிநபர் நாடகம்தான் இதற்கு விதை. 2012இல் லண்டனின் யார்ட் தியேட்டரிலும் 2014இல் நேஷனல் தியேட்டரிலும் மேடையேறியது. அந்த நாடகத்தில் ட்ரேசி 14 வயதுப் பள்ளி மாணவி, கதையும் இருண்டது. டிவிக்கு வரும்போது வயதில் பத்தைக் கூட்டினார்கள். 14 வயதில் தெரியாமல் இருப்பது சகஜம், 24 வயதில் தெரியாமல் இருந்தால்தான் சிட்காம்.

ஆனால் அங்கேயே ஒரு சிக்கல். சிட்காம் பாத்திரம் மாறக் கூடாது, வளரும் பெண்ணின் கதையில் மாறாமல் இருக்கக் கூடாது. ட்ரேசி எல்லாவற்றையும் கற்றுக்கொண்டால் கடையை மூட வேண்டியதுதான். அதனால் ஒரு பாடம் முடிந்ததும் சிலபஸ் மாறிவிடுகிறது. ரொனால்ட் போய்க் கவிதை எழுதும் கானர் வந்தால் வேறு குழப்பம். இரண்டாவது சீசனில் வரும் ஒருவன் அவளைப் பெண்ணாகப் பார்ப்பதில்லை, ஆப்பிரிக்கப் பழங்குடி வேஷம் போட்டு ஆடச் சொல்கிறான். அவள் முதலில் ஒத்துழைப்பதும், பிறகு மெல்ல உறைப்பதும் தொடரின் மிக நல்ல பகுதி. சிரித்துக்கொண்டிருக்கும்போதே வாய் கோணிப்போகும். மூன்றாவது சீசன் எழுதாமல் கோல் நிறுத்திக்கொண்டது சரியான முடிவு என்றே தோன்றுகிறது.

பார்க்க உட்காருவதற்கு முன் காதைக் கொஞ்சம் பழக்கிக்கொள்ள வேண்டும். கிழக்கு லண்டன் பேச்சில் நடுவில் வரும் 'ட்' தொண்டையிலேயே நின்றுவிடும். 'வாட்டர்' என்பது 'வா'அ' என்றுதான் கேட்கும். 'திங்க்' பல வாய்களில் 'ஃபிங்க்' ஆகிவிடும். வாக்கியக் கடைசியில் வரும் 'இன்னிட்' கேள்வி இல்லை, நாம் "இல்ல?" என்று ஒட்டுவது போல ஓர் ஒட்டு. 'பெங்' என்றால் அழகு. சப்டைட்டில் இல்லாமல் முதல் இரண்டு எபிசோடில் பாதி ஜோக் போய்விடும். ஆனால் ஹால் டிவியில் சப்டைட்டில் வைத்தால் வேறு வம்பு. வால்யூமை எவ்வளவு குறைத்தாலும், கேண்டிஸ் சொல்லும் யோசனை இரண்டு அங்குல எழுத்தில், வெள்ளை நிறத்தில், சமையலறை வாசல் வரைக்கும் தெளிவாகத் தெரியும்.